ஹெபடைட்டிஸ் சி: காமாலை அல்ல, கல்லீரல் அழற்சி

ஹெபடைட்டிஸ் என்றதும் பலர் வாயில் வரும் தமிழ்ச்சொல் மஞ்சள் காமாலை. பழகிப்போன சொல்தான். ஆனால் ஒரு வைரஸால் வரும் ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில் அது ஆளையே கவிழ்த்துவிடும். காமாலை ஒரு நோயல்ல, அறிகுறி. பிலிருபின் என்ற பித்த நிறமி ரத்தத்தில் கூடி, கண்ணும் தோலும் மஞ்சளிப்பதற்குத்தான் அந்தப் பெயர். பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும் காமாலை வரும். ஹெபடைட்டிஸ் சி தொற்றிய பெரும்பாலானோருக்கோ தொடக்கத்தில் கண் மஞ்சளிப்பதே இல்லை. ஆண்டுக்கணக்கில் தொந்தரவு எதுவும் தராமல் இருந்துவிட்டு, கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிய பிறகு தலைகாட்டும். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே மஞ்சளைத் தேடிக்கொண்டிருந்தால் நோயையே கோட்டை விட்டுவிடுவோம்.

ஹெபார் என்றால் கிரேக்கத்தில் கல்லீரல். கூட வரும் ‘ஐட்டிஸ்’ என்ற விகுதி அழற்சியைக் குறிக்கும். நம்முடைய அழற்சியோ அழல், அதாவது நெருப்பு, என்ற வேரிலிருந்து வந்தது. சிவந்து, சூடேறி, வீங்கி வலிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆகவே ஹெபடைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி. ஈரல் அழற்சி என்று சுருக்கியும் எழுதுகிறார்கள். நுரையீரல், மண்ணீரல் எல்லாமே ஈரல்தான் என்பதால் ‘கல்’ முன்னால் நிற்பதே நல்லது. மதுவாலும் சில மருந்துகளாலும்கூடக் கல்லீரல் அழலும். அதனால் ‘சி’ என்ற எழுத்தை விட்டுவிடக் கூடாது.

அந்த எழுத்துக்கும் ஒரு கதை உண்டு. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வந்த ஒருவகைக் கல்லீரல் அழற்சியில் ஏ வைரஸும் இல்லை, பி வைரஸும் இல்லை. அதற்கு 1970களில் வைத்த பெயரே ‘ஏ-அல்லாத, பி-அல்லாத’ ஹெபடைட்டிஸ். 1989இல் வைரஸ் அடையாளம் காணப்பட்ட பிறகுதான் ‘சி’ ஒட்டியது. இந்த ஆய்வுகளுக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவரும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சரி, பரிசோதனைத் தாளுக்கு வருவோம். ‘ஆன்டி-ஹெச்சிவி: ரியாக்டிவ்’, அதாவது ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி தென்பட்டது, என்ற வரியைப் பார்த்ததும் பலருக்குக் கை நடுங்கிவிடும். ஆன்டிபாடி என்பது எதிர்ப்பொருள், வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது. அது இருந்தால் வைரஸ் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்றுதான் பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதை அந்த வரி சொல்லாது. தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் நீங்கிவிடுகிறது. அவர்களுக்கும் தாளில் ரியாக்டிவ் என்றே வரும். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைத் தேடும் அடுத்த பரிசோதனைதான் இதற்கு விடை சொல்லும். இன்னொரு பக்கம், எதிர்ப்பொருள் தென்படவே பல வாரங்கள் ஆகும். அண்மையில்தான் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததை நம்பிக் கிளம்பிவிடக் கூடாது.

சிகிச்சை என்றால் முன்பு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி. காய்ச்சலும் சோர்வும் மனச்சோர்வுமாக ஆளை அடித்துப்போடும், அப்படியும் பலருக்குக் குணமாகாது. இப்போது சோஃபோஸ்புவிர் போன்ற, வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. பெரும்பாலும் 8 அல்லது 12 வாரம் போதும். 95 சதவீதத்துக்கும் மேலானோர் குணமடைகிறார்கள். தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், ஏனென்றால் சி ஒழியும்போது அடங்கிக் கிடந்த பி கிளம்பக்கூடும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்தும் ஆர்என்ஏ தென்படாவிட்டால் அதற்கு எஸ்விஆர் (sustained virologic response) என்று பெயர். தமிழில் ‘குணமாகிவிட்டது’ என்றே சொல்லலாம். அதன் பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் பெயரை நம்பி அதைக் காப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தொற்றுள்ள ரத்தம் மீண்டும் கலந்தால் மீண்டும் தொற்றும், அதைத் தடுக்கத் தடுப்பூசியும் இன்னும் இல்லை.