தாய்லாந்துத் துணைவிக்குச் சுற்றுலா விசா: காதலுக்குச் சான்று இருக்கிறது, திரும்பிச் செல்வதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில், சிட்னியின் மேற்குப் புறநகரில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் ஒருவர் கனமான கோப்பு ஒன்றை என் மேசைமேல் வைத்தார். தாய்லாந்தின் வடகிழக்கே உள்ள உடோன் தானியில் பியூட்டி பார்லர் நடத்தும் தன் காதலியை ஆறு வாரங்களுக்கு ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துவர அவரே விண்ணப்பித்திருந்தார், விசா மறுக்கப்பட்டுவிட்டது. இருவரும் லைன் செயலியில் பேசிக்கொண்டவை நூறு பக்கத்துக்கு மேல் கோப்பில் இருந்தன. கடற்கரையிலும் கோயிலிலும் எடுத்த படங்கள் இருந்தன. அவள் இல்லாமல் தன்னால் இருக்க முடியவில்லை என்று உருகி எழுதிய மூன்று பக்கக் கடிதம் இருந்தது. அந்தப் பெண் பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்பதற்கு மட்டும் ஒரு தாள்கூட இல்லை.

இவ்வளவு காட்டியும் எங்கள் உறவை நம்பவில்லையே என்று அவர் மனம் நொந்து பேசினார். மறுப்புக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதிகாரி அந்த உறவை ஓரிடத்திலும் சந்தேகிக்கவில்லை. உறவை முழுமையாக நம்பியதனால்தான், இப்படி ஒருவர் ஏங்கிக் காத்திருக்கும்போது இந்தப் பெண் ஆறு வாரத்தில் ஊர் திரும்புவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குக் கோப்பில் பதில் இல்லை.

ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிவரவு முகவராகத் தொழில் செய்யும் நான் இதே தவறை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன். என்னிடம் வந்தவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தனிப்பட்ட ஒரு விண்ணப்பத்துக்கான ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம் உறவினர்கள் கைப்பேசியிலேயே இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியை எடுத்துக்கொண்டு சிட்னிக்கு வந்து போவதைப் பார்த்தவர்கள், தாய்லாந்துக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். தாய்லாந்துக் கடவுச்சீட்டுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் 600 என்ற எண்ணுள்ள வருகையாளர் விசாவுக்கு, பெரும்பாலும் அதன் சுற்றுலாப் பிரிவில், இம்மிஅக்கவுண்ட் என்ற இணையக் கணக்கு வழியே விண்ணப்பிக்க வேண்டும். கைரேகையும் முகப்படமும் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தால், விண்ணப்பதாரர் அதில் சொல்லியிருக்கும் மையத்துக்கு நேரில் போயாக வேண்டும். 1994ஆம் ஆண்டுக் குடிவரவு விதிகளில் 600.211 என்ற உட்பிரிவு, விண்ணப்பதாரர் உண்மையிலேயே தற்காலிகமாகத் தங்கத்தான் எண்ணுகிறாரா என்பதைப் பார்க்கச் சொல்கிறது. முன்பு பெற்ற விசாவின் நிபந்தனைகளை மதித்தாரா, இந்த விசாவின் நிபந்தனைகளை மதிக்க எண்ணுகிறாரா, வேறு பொருத்தமான விஷயம் ஏதும் உண்டா என்று மூன்றாகப் பிரித்து எடைபோடுவார்கள். மறுப்புக் கடிதங்களில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை இந்த ஓர் உட்பிரிவில்தான் வந்து முடிகின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குறையிருந்தால் கேட்பார்கள், அப்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி அரைகுறையாக அனுப்பாதீர்கள். அதிகாரி கூடுதல் ஆவணம் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்ற கடமை அவருக்கு இல்லை. கையில் இருப்பதை வைத்தே அவர் முடிவெடுக்கலாம், மறுத்தால் விண்ணப்பக் கட்டணமும் திரும்பி வராது.

திரும்பிச் செல்லக் காரணம் இருக்கிறது என்பதைக் காட்ட மாதச் சம்பளக்காரருக்கு எளிது: வேலை வழங்குபவரின் விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பணம் கட்டிய பதிவு என்று எடுத்து வைத்துவிடலாம். சாலையோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கும், வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுப் பிழைப்பவருக்கும், அம்மாவின் நெல்வயலைப் பார்த்துக்கொள்பவருக்கும் அது அவ்வளவு எளிதல்ல. ஆனாலும் அவர்கள் வாழ்க்கையும் எங்காவது தடம் பதித்தே இருக்கும், அதைத் தேடி எடுக்க வேண்டும்.

உடோன் தானிப் பெண்ணிடம் கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தாய்லாந்தில் கடைக்காரர்கள் க்யூஆர் அட்டையை மாட்டி ப்ராம்ப்ட்பே வழியாகப் பணம் வாங்குகிறார்கள். அவருடைய கணக்கில் காலை பத்து மணியிலிருந்து இரவு வரை 150 பாத், 300 பாத், 200 பாத் என்று எறும்பு வரிசைபோல் வரவு ஓடியது. முடிவெட்டியதற்கு ஒன்று, சாயம் பூசியதற்கு ஒன்று. பார்லர் மூடும் நாளில் மட்டும் வரிசை அறுந்திருந்தது. ஒரு பெண் தன் ஊரில் வேரூன்றித் தொழில் நடத்துகிறாள் என்பதை அந்த நூறு பக்க உரையாடல் சொல்லவில்லை, இந்தச் சில பக்கங்கள் சொல்லின. அவற்றோடு கடை வாடகை ஒப்பந்தம், வணிகப் பதிவுச் சான்று, பெயர்ப்பலகை தெரியும் படங்கள், அவர் இல்லாத நாட்களில் பார்லரைப் பார்த்துக்கொள்ளும் தங்கையின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்தோம். தபியன் பான் எனப்படும் வீட்டுப் பதிவேட்டின் நகலையும் வைத்தோம். அவருடைய தாயும் ஒன்பது வயது மகளும் ஒரே வீட்டில் பதிவாகியிருந்தார்கள், மகளின் பள்ளிக் கடிதமும் கிடைத்தது. முதல் விண்ணப்பத்தில் மகளைப் பற்றி விளக்கமாக ஒரு வரியும் இல்லை. குழந்தை இருப்பதைச் சொன்னால் விசா கிடைக்காது என்று யாரோ அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியிருந்தார்களாம். ஊரில் அவருக்காகக் காத்திருக்கும் மிகப் பெரிய காரணத்தையே மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தாய்லாந்து ஆவணங்களுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. அங்கே ஆண்டு பௌத்த சகாப்தத்தில் எழுதப்படுகிறது, நம் கணக்கைவிட 543 கூடுதல். 2568 என்று இருப்பது 2025. மொழிபெயர்ப்பில் இதைச் சரியாக மாற்றாவிட்டால் பிறந்த தேதியும் ஒப்பந்தத் தேதியும் குழம்பிவிடும். அடுத்தது பெயர். தாய்லாந்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் வீட்டுப்பெயர் ஒன்று உண்டு, நண்பர்களும் காதலரும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கடவுச்சீட்டில் நீண்ட ஒரு பெயர் இருக்கும், லைன் உரையாடலில் ‘நோக்’ என்றும் ‘பிளா’ என்றும் இருக்கும். இரண்டும் ஒருவர்தான் என்று யாராவது எழுதிச் சொன்னாலொழிய அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நல்ல காலம் பிறக்கட்டும் என்று இயற்பெயரையே முறைப்படி மாற்றிக்கொள்வதும் அங்கே வழக்கம். அப்படி மாற்றியிருந்தால் பெயர்மாற்றச் சான்றையும் வைக்க வேண்டும். தாய்லாந்திலேயே மொழிபெயர்ப்பவர் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி ஆகியவற்றை ஆங்கிலத்தில் அந்தத் தாளில் குறிப்பிட வேண்டும்.

பண விஷயத்தில் நேர்மையைவிடச் சிறந்த உத்தி எனக்குத் தெரியாது. செலவைக் காதலர் ஏற்றுக்கொள்வதில் தவறேதும் இல்லை. அழைப்புக் கடிதத்தில் அதை வெளிப்படையாக எழுதி, உங்கள் சம்பளச் சீட்டையும் வங்கி விவரத்தையும் இணைத்துவிட்டால் அந்தக் கேள்வி முடிந்துவிடும். அப்படிச் செய்யாமல், விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு அவர் கணக்கில் மூன்று லட்சம் பாத்தைப் போட்டுவிட்டு, அது அவருடைய சேமிப்பு என்று காட்டுகிறார்கள். வழக்கமாக எட்டாயிரம் பாத் கிடக்கும் கணக்கில் திடீரென்று வந்து விழுந்த தொகை அதிகாரியின் கண்ணில் முதலில் படும். அது யார் பணம் என்ற சந்தேகம் வந்துவிட்டால், மற்ற தாள்களையும் அவர் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

நான் மிகவும் கவலைப்படுவது உறவைப் பற்றி எழுதும் இடத்தைக் குறித்து. சுற்றுலா விசாதானே என்று எண்ணி, காதலியைத் தோழி என்று எழுதுகிறார்கள். பிறகு ஓர் ஆண்டு கழித்துத் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, இரண்டு ஆண்டுகளாகக் கணவன் மனைவிபோல் வாழ்கிறோம் என்று எழுதுகிறார்கள். இரண்டு விண்ணப்பங்களும் ஒரே துறையின் கோப்பில்தான் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. தாய்லாந்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஊரைக் கூட்டி, துறவிகளை அழைத்து, மணிக்கட்டில் நூல் கட்டி, சின்சோட் என்ற பரிசப்பணமும் கொடுத்துத் திருமணம் செய்திருப்பார்கள். ஆம்ஃபோ எனப்படும் வட்டார அலுவலகத்தில் பதிவு செய்யாதவரை சட்டப்படி அது திருமணம் ஆகாது. அதற்கு நேர்மாறாக, பத்து ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன முதல் கணவரோடு செய்த பதிவு இன்னும் ரத்தாகாமல் இருக்கும். ஊரில் எல்லோரும் அவர்களைப் பிரிந்தவர்களாகவே பார்ப்பார்கள், பதிவேடு மட்டும் மனைவி என்றே சொல்லும். விண்ணப்பத்தைத் தொடும் முன் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று அந்த அலுவலகத்தில் பார்த்துவரச் சொல்வது என் வழக்கம். 2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் ஒருபாலினத் தம்பதியரும் திருமணத்தைப் பதிவு செய்யலாம் என்பதால், இந்தக் கேள்வியை இப்போது அவர்களிடமும் கேட்கிறேன்.

வேறு நாட்டில் எப்போதாவது விசாவோ நுழைவோ மறுக்கப்பட்டதா என்ற கேள்வியும் இப்படித்தான். ஒரு பெண் இருபத்துநான்கு வயதில் தோழிகளோடு தென்கொரியாவுக்குப் போய், விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். வேலைக்காகப் போனவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற வெட்கத்தில் காதலரிடமும் அதைச் சொல்லவில்லை. நான் கேட்டபோது காணொளி அழைப்பில் நெடுநேரம் பேசாமல் இருந்தார், பிறகுதான் சொன்னார். நடந்ததை நடந்தபடி அரைப் பக்கத்தில் எழுதி இணைத்தோம், விசா கிடைத்தது. பழைய மறுப்பு என்பது அதிகாரி எடைபோடும் பல விஷயங்களில் ஒன்று, அவ்வளவுதான். அதை மறைத்துப் பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால், 4020 என்ற பொதுநல விதியின்கீழ் மூன்று ஆண்டுகளுக்குப் பல விசாக்களின் கதவு அடைபட்டுவிடும், துணைவர் விசாவுக்கும் அந்த விதி பொருந்தும். போலி வேலைக் கடிதம் தயாரித்துத் தருகிறோம், விசா உறுதி என்று சொல்லும் இடைத்தரகர்கள் தாய்லாந்திலும் இருக்கிறார்கள். பின்விளைவு அவர்கள் தலையில் விழாது, உங்கள் துணைவியின் பெயரில்தான் பதிவாகும். ஆஸ்திரேலியாவில் யாரிடம் போனாலும் அவருடைய ஏழு இலக்கப் பதிவெண்ணைக் கேளுங்கள், அல்லது அவர் இங்கே தொழில் நடத்தும் வழக்கறிஞரா என்று பாருங்கள். விசா கட்டாயம் கிடைக்கும் என்று எந்தப் பதிவுபெற்ற முகவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

மறுத்தால் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் வீண். 2024 அக்டோபர் 14 முதல் இயங்கும் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்கு, கணவன், மனைவி, சட்டம் ஏற்கும் சேர்வாழ் துணைவர், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினரைப் பார்க்க வரும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், இங்கே இருக்கும் அந்த உறவினர் போகலாம். காதலன் காதலிக்கு அந்த வழி இல்லை. மறுப்புக்கான காரணத்தைச் சரிசெய்து, மீண்டும் கட்டணம் கட்டி, புதிதாக விண்ணப்பிப்பதைத் தவிர நடைமுறையில் வேறு வழி கிடையாது. உறவினர் பொறுப்பேற்கும் பிரிவு என்று ஒன்று 600 விசாவிலேயே இருக்கிறது. அதில் பிணைத்தொகை கேட்கலாம், வெறும் காதலர் பொறுப்பாளராக நிற்க முடியாது.

விசா வந்ததும் கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். 8101 என்ற நிபந்தனை வேலை செய்யத் தடை விதிக்கிறது. நண்பரின் தாய்லாந்து உணவகத்தில் வார இறுதியில் கைகொடுப்பதும், மசாஜ் நிலையத்தில் சில மணி நேரம் இருப்பதும் இதில் சிக்கக்கூடியவைதான். 8503 இருந்தால், அகதிகளுக்கான பாதுகாப்பு விசாவையும் பிரிட்ஜிங் எனப்படும் இடைக்கால விசாவையும் தவிர வேறு விசா எதையும் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டே பெற முடியாது, விலக்குக் கிடைப்பதும் கடினம். இங்கே வந்தபின் துணைவர் விசா போட்டுக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் முடிவுசெய்துவிட்டு, விண்ணப்பத்தில் ஆறு வாரச் சுற்றுலா என்று எழுதச் சொல்லி என்னிடம் வருபவர்களை நான் ஏற்பதில்லை. சேர்ந்து வாழ்வதுதான் நோக்கமென்றால் அதற்கென்றே 309 என்ற துணைவர் விசாவும், மணம் முடிக்க இருப்பவருக்கான 300 விசாவும் இருக்கின்றன. காத்திருக்கும் காலத்தில் பார்த்துப்போக வருகையாளர் விசாவையும் நேர்மையாகக் கேட்கலாம். தங்க அனுமதித்த நாளைத் தாண்டி 28 நாளுக்கு மேல் இருந்துவிட்டுப் போனவருக்கு, மூன்று ஆண்டுகளுக்குப் பொதுவாகத் தற்காலிக விசா கிடைக்காது.

உடோன் தானிப் பெண்ணுக்கு இரண்டாவது விண்ணப்பத்தில் மூன்று மாதம் தங்க அனுமதி கிடைத்தது. அவர் ஐந்து வாரம்தான் இருந்தார். ஏப்ரல் 13இல் சோங்க்ரான் தொடங்குவதால் அதற்கு முந்தைய வாரம் ஊரே முடி அலங்காரத்துக்கு வரும், பார்லரைத் தங்கையால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். அவருடைய திரும்பும் பயணத்தின் போர்டிங் பாஸை என் வாடிக்கையாளர் படமெடுத்து எனக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் நான் முதலில் இணைத்த ஆவணம் அதுதான்.