பிரெஞ்சில் 98 வாங்கிய பையனும் ஒரு சின்னக் கேள்வியும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு, வெளிநாட்டு மொழி சொல்லித்தரும் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ரகம்தான்: "மேடம், தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுத்தா மார்க் ஏறுமா?" ஏறும், மறுக்கவில்லை. பிளஸ் டூவில் முதல் மொழியாகப் பிரெஞ்சை எடுத்து 95க்கு மேல் வாங்கும் பிள்ளைகள் சென்னையில் ஏராளம். மொழி வருமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வேளச்சேரியிலிருந்து ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ பிரெஞ்சில் 98. பிரான்சில் மேற்படிப்பு என்பது திட்டம். "அடிப்படை எல்லாம் வேண்டாம் மேடம், நேரா அடுத்த லெவல்ல போட்டுடுங்க" என்றார் அப்பா. பையனிடம் "கெல் ஆஜ் ஆ தியூ?" என்றேன். உன் வயது என்ன, அவ்வளவுதான். விழித்தான். மெதுவாக இன்னொரு முறை கேட்டேன். "மிஸ், போர்டுல எழுதுங்களேன்." எழுதினேன். பட்டென்று பதிலை எழுதிக் காட்டினான், ஒரு பிழை இல்லை. பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் வாயில் வராது. கண்ணால் மட்டுமே படித்தவன் காதில் அது வேறு பாஷையாகத்தான் விழும். அவனைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் நடந்ததெல்லாம் நோட்ஸும் பழைய வினாத்தாளும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பிய மொழிகளில் திறனை அளக்க ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். முதல் படியான ஏ1க்கே ஏறத்தாழ 100 மணி நேரம் வகுப்பு வேண்டும். வாரம் இரண்டு பீரியட், ஒன்று 40 நிமிடம், ஆண்டுக்கு 35 வாரம் என்றால் 47 மணி நேரம்கூடத் தேறாது. அதிலும் ஆண்டு விழா ஒத்திகைக்கு முதலில் பறிபோவது இந்த பீரியட்தான்! ஆகவே ஒரே வருடத்தில் மூன்று மொழி என்று அச்சடிக்கும் பள்ளி விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

தமிழை விட்டுவிட்டு வேற்று மொழிக்கு ஓடுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஜெர்மனில் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடம் வேற்றுமை. நம் இரண்டாம், நான்காம் வேற்றுமைகளை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அக்குசாட்டிவ், டாட்டிவ் பெரிய பூதமல்ல. ஜப்பானிய மொழி இன்னும் நெருக்கம். வினைச்சொல் கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'ஐ' வரும் இடத்தில் பெரும்பாலும் 'ஓ', 'கு' வரும் இடத்தில் பெரும்பாலும் 'நி'. தமிழ் வழியில் படித்த மாணவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதை வகுப்பில் பார்க்கிறேன். ஆங்கிலம் வழியாகச் சுற்றி வருபவர்களுக்குத்தான் நேரமாகிறது.

மொழியோடு அதைப் பேசும் மக்களையும் அறிய வைக்கும் உலகளாவிய கல்வி என்றதும் வெளிநாட்டுச் சுற்றுலா, லட்சக்கணக்கில் செலவு என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. ஒரகடத்தில் ரெனோ (2025 வரை ரெனோ-நிசான்), ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் என்று ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள். அங்கே வேலைக்கு வந்த ஜப்பானிய, கொரியக் குடும்பங்கள் நம்மூரிலேயே குடியிருக்கின்றன. அவர்களில் ஒருவரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழைத்தால் போதும், அதுவரை வாய் திறக்காத பிள்ளையும் கேள்வி கேட்கும். ஜெர்மன் பள்ளி ஒன்றோடு காணொளியில் பேசலாம். கோடையில் அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பகல் 1.30. ஒரு லேப்டாப்பும் சுமாரான நெட்டும் போதும், அரசுப் பள்ளியிலும் செய்யலாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: வகுப்பில் என் பிள்ளை வாய் திறந்து பேசுவது எத்தனை நிமிடம்? ஆண்டு முடிவில் எந்த நிலை? வெளித்தேர்வு எழுத வைப்பீர்களா? 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கென்றே 'ஃபிட் இன் டாய்ச்' என்ற ஜெர்மன் தேர்வு உண்டு. பிரெஞ்சுக்குப் பள்ளி மாணவர்களுக்கான டெல்ஃப் ஜூனியர். இரண்டிலும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் சோதிக்கப்படும். நுங்கம்பாக்கத்தில் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் ஜெர்மன் மொழி மையமான கொய்தே நிலையத்திலும், காலேஜ் ரோட்டில் இருக்கும் பிரெஞ்சு மையமான அலியான்ஸ் பிரான்சேஸிலும் விசாரிக்கலாம். ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஆனால் அதில் பேச்சுத் தேர்வே கிடையாது, அதன் தொடக்க நிலையான என்5 சான்றிதழை மட்டும் காட்டினால் பேச வைத்தும் பாருங்கள்.