சான்றிதழில் வரும் ‘யிம்னாசியும்’ உடற்பயிற்சிக் கூடம் அன்று

சுவீடிய மொழிக் கல்விச் சான்றிதழ்களின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கையில், ‘மூன்றாண்டுகள் உடற்பயிற்சிக் கூடத்தில் இயற்கை அறிவியல் பயின்றார்’ என்பது போன்ற வரிகள் என் கண்ணில் படுகின்றன. சுவீடியத்தில் ‘யிம்னாசியும்’ (gymnasium) என்பது மேல்நிலைப் பள்ளி; ஒரு மாணவரின் மேல்நிலைக் கல்வி முழுவதையும் ஆவணத்திலிருந்து நீக்கிவிடும் பிழை இது.

ஆடையற்ற நிலையைக் குறிக்கும் ‘கும்னோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, இளைஞர்கள் ஆடையின்றிப் பயிற்சி செய்த திடலுக்குக் ‘கும்னாசியோன்’ என்ற பெயர் வந்தது. ஏதென்சில் பிளேட்டோவின் அகாடமியும் அரிஸ்டாட்டிலின் லைசியமும் இத்தகைய திடல்களில்தான் தோன்றின. ஆகவே இலத்தீனில் ‘கிம்னாசியும்’ என வழங்கிய காலத்திலேயே அச்சொல் தத்துவம் பயிலும் இடத்தையும் சேர்த்துக் குறித்தது; ரோமானிய அறிஞர் சிசரோ தம் டஸ்குலம் மாளிகையின் இரு கிம்னாசியங்களுக்கு அகாடமி, லைசியம் என்றே பெயரிட்டார். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர்கள் தங்கள் இலத்தீன் பள்ளிகளுக்கு இப்பெயரைச் சூட்ட, ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் பயின்ற ஆயர் யொகானஸ் ருட்பெக்கியஸ் 1623இல் வெஸ்டரோஸ் நகரில் சுவீடனின் முதல் யிம்னாசியத்தை நிறுவினார். ஆங்கிலத்தில் உடற்பயிற்சிப் பொருளே நிலைத்தது. ஆங்கிலம் வழியாக இச்சொல்லை அறிந்த நாம் தடுமாறுவது அதனால்தான்.

இலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். இலத்தீனில் இது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத பெயர். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம், பன்மை ‘கிம்னாசியா’. சுவீடியத்திலும் இது ‘ஒரு’ என்னும் பொருளில் ‘எட்’ (ett) என்ற சொல்லை முன்னே ஏற்கும், பாலற்ற வகைப் பெயரே. ஆனால் விகுதி சேரும்போது இலத்தீனின் ‘உம்’ உதிர்ந்துவிடும்: குறிப்பிட்ட ஒரு பள்ளி ‘யிம்னாசியெட்’, பல பள்ளிகள் ‘யிம்னாசியெர்’, கூட்டுச்சொல்லில் ‘யிம்னாசியெஸ்கூலா’. அகராதியில் தலைச்சொல்லாக ‘யிம்னாசியும்’ மட்டுமே இருப்பதால், ‘யிம்னாசியெட்’ என்பதைத் தேடிக் காணாதவர்கள் அதை ஊர்ப்பெயர் என்று கருதி அப்படியே எழுதிவிடுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சுவீடியர்கள் ‘யிம்’ என்னும் குறுஞ்சொல்லைத் தனியே வைத்திருக்கிறார்கள்.

இன்றைய சான்றிதழ்களுக்கு ‘மேல்நிலைப் பள்ளி’ என்பதே பொருத்தமான சொல். பழைய ஆவணமாயின் ஆண்டை முதலில் பாருங்கள். 1971இல்தான் யிம்னாசியமும் தொழிற்பள்ளிகளும் ஒரே ‘யிம்னாசியெஸ்கூலா’வாக இணைக்கப்பட்டன, அதற்கு முந்தைய யிம்னாசியம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்திய பள்ளியாதலால், அந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் ஒரு வரியாவது எழுதிச் சேருங்கள்.