குழந்தைக்குப் பயிற்சி தருபவர் என்ன படித்தவர்? வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

என் அக்கா மகளுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. ஒரு தனியார் மையத்தில் சேர்த்தார்கள். வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஏதோ நடக்கும். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எட்டு மாதம் கழித்து, "உள்ளே என்ன சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரியவில்லை. சொல்லித் தந்த பெண் என்ன படித்தவர் என்பதும் தெரியவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு எட்டு மாதம் என்பது மிகப் பெரிய காலம். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் இன்னும் எத்தனையோ அம்மாக்கள் அப்படி பெஞ்சில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், காசு கொடுக்காமலே கிடைப்பது என்ன என்று பார்ப்போம். ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறார் நலத் திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது; ஆறு வயதுக்கு மேல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு உண்டு. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கிறார்கள். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். சந்தேகம் இருந்தால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது குறையைச் சீக்கிரமே கண்டு பயிற்சியும் சிகிச்சையும் தரும் இடத்துக்கு, அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் "டி.இ.ஐ.சி." என்று கேட்டால் எளிதில் புரியும். நமக்கு அது எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இருக்கிறது. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே போக மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை. "சர்டிபிகேட் வாங்கினால் பிள்ளை மேல் முத்திரை விழுந்துவிடும்" என்று பயந்தே பலர் போகாமல் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

இதற்குச் சட்டப் பின்புலமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 25-ஆவது பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும் என்கிறது. ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆக, பணியாளருக்குப் பயிற்சி தருவதும் அரசின் கடமைதான்.

சரி, யார் பயிற்சி தரலாம்? சிறப்புக் கல்வியாளர், பேச்சுப் பயிற்சியாளர், மறுவாழ்வு உளவியலாளர் போன்றோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். இதை சி.ஆர்.ஆர். எண் என்பார்கள். அந்தக் கவுன்சிலுக்கான 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி, பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காகப் படித்தவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கேட்டால் சந்தோஷப்படுவார்கள். ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: பிசியோதெரபியும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் அந்தக் கவுன்சிலின் கீழ் வராது. அவற்றுக்கு 2021-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. எனவே பிசியோதெரபிஸ்டிடம் சி.ஆர்.ஆர். எண் இல்லையென்றால் அவர் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய பட்டத்தைப் பாருங்கள்.

படிப்பும் பதிவும் இருந்தாலே போதுமா? போதாது. எந்த முறையில் பயிற்சி தருகிறார் என்பதுதான் எனக்கு இதைவிட முக்கியம். "ஆதாரம் உள்ள முறை" என்று இந்தத் துறையில் அடிக்கடி சொல்வார்கள். ஆராய்ச்சியில் சோதித்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்று தெரிந்த முறை என்பது அதன் பொருள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களின் நடுவில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 ஏழைக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு முறை போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள், வீட்டில் செய்த பொம்மைகள், அவ்வளவுதான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆட்டிசக் குழந்தைகளுக்கும் இப்படி ஒரு சோதனை கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து, 2016-இல் முடிவு வெளியானது. நிபுணர் அல்லாத, ஆனால் நன்றாகப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசப் பழகினார்கள். பிள்ளைகளும் தாங்களாகவே பெற்றோரிடம் பேச்சுக்கு வருவது கூடியது.

இரண்டு ஆய்விலும் பயிற்சி போய்ச் சேர்ந்தது பெற்றோருக்கு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பார்ப்பவரைவிட, நாள் முழுக்கக் கூட இருக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும்தான் வாய்ப்பு அதிகம். அதனால் நல்ல பயிற்சியாளர் கதவைச் சாத்த மாட்டார். "வீட்டில் காலையிலிருந்து என்னவெல்லாம் நடக்கும்?" என்று கேட்பார். லாரித் தண்ணீர் பிடிக்கும்போது சின்னச் சொம்பைப் பிள்ளையின் இரண்டு கையிலும் கொடுக்கச் சொல்வார். இட்லியை உடனே தட்டில் வைக்காமல், கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை கண்ணாலோ சத்தத்தாலோ கேட்கும்வரை சற்றுப் பொறுக்கச் சொல்வார். மூன்று மாதத்தில் என்ன மாற்றம் வர வேண்டும் என்று எழுதி வைப்பார். வரவில்லையென்றால் முறையை மாற்றுவார். இதெல்லாம் இல்லாமல், விலை உயர்ந்த கருவி நிறைந்த அறையை மட்டும் காட்டினால் யோசியுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது, அப்படிச் செய்வது தொழில் ஒழுக்கத்துக்குப் புறம்பு என்று 2022 டிசம்பரிலேயே தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் சொல்லிவிட்டது.

அங்கன்வாடி டீச்சருக்கும் இப்போது பயிற்சி உண்டு. 'போஷண் பி, படாய் பி' என்ற மத்திய அரசுத் திட்டம் 2023 மே மாதம் தொடங்கியது. அதன் கீழ், பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கான 'நவசேதனா' வழிகாட்டியில், வயதுக்கேற்ற 140 விளையாட்டுச் செயல்கள் இருக்கின்றன. 2023 நவம்பரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையும் வந்தது. கண்டறிதல், மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ளுதல், மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் ஆகியவை அவர் வேலை. சில நாள் பயிற்சியில் அவர் தெரபிஸ்ட் ஆகிவிட முடியாது. அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றுவது நியாயமும் இல்லை. கண்டறிய எளிய கருவிகள் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சி அட்டையில் இரண்டு வயது வரைக்கும் 17 அம்சங்கள்தான்; ஒவ்வொன்றும் எந்த வயதுக்குள் வர வேண்டும் என்பது ஒரு கோடாக வரைந்திருக்கும். பிள்ளையின் வயதுக்கு நேராக அட்டையில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் கோடு முழுதாக முடிந்துவிட்டவை எல்லாம் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தத் துறையில் படிக்க விரும்பும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு: முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் ஆரம்பநிலை இடையீட்டில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மருத்துவம், பிசியோதெரபி, சிறப்புக் கல்வி போன்ற பட்டம் பெற்றவர்களுக்கானது. பிளஸ் டூ முடித்தவர்கள் சிறப்புக் கல்வியில் பட்டயப் படிப்பு சேரலாம். எதில் சேர்ந்தாலும், அந்த ஆண்டு அந்தக் கல்லூரிக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எண்ணூரிலிருந்து முட்டுக்காடு நகரத்தின் மறுகோடி, அது உண்மைதான். ஆனால் அங்கே படித்துவிட்டுத் திருவொற்றியூருக்கே வேலைக்கு வரும் ஒரு பெண் எத்தனை வீட்டுக்கு உதவுவாள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பெற்றோருக்கு இன்னும் ஒன்று. ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம். எழும்பூர் போகும்போது தாய் சேய் நல அட்டை, பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, அப்புறம் வீட்டில் பிள்ளை சாப்பிடுவதையும் விளையாடுவதையும் எடுத்த ஓரிரு வீடியோவும் கையில் இருக்கட்டும். புது இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால், மருத்துவருக்கு அந்த வீடியோ உதவும்.