எர்லாங்குக்கு எந்தத் தரவுத்தளம்: இணைப்பு அறும் நேரத்தை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

எர்லாங், எலிக்ஸிர் ஆகிய நிரல்மொழிகளில் எழுதப்படும் சேவைகளின் வடிவமைப்பை ஆய்வு செய்யும்போது, தரவுத்தளம் என்ற இடத்தில் ம்னீசியாவின் பெயரையே அடிக்கடி காண்கிறேன். அது எர்லாங்கின் நூலகத் தொகுப்பான ஓடிபி-யுடன் (OTP) சேர்ந்தே வருகிறது, எர்லாங்கின் ரெக்கார்டுகள் எனும் தரவு அமைப்புகளை உருமாற்றாமல் சேமிக்கிறது, நிரல் ஓடும் அதே மெய்நிகர் இயந்திரத்தில் இருப்பதால் நினைவகப் பிரதியை மிக விரைவாக வாசிக்கத் தருகிறது. இவை உண்மையான நன்மைகள்தாம். ஆயினும் இவற்றை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

இரண்டு நோடுகளில், அதாவது வலையமைப்பில் இணைந்து தனித்தனியே ஓடும் இரண்டு எர்லாங் மெய்நிகர் இயந்திரங்களில், ஒரே அட்டவணையின் பிரதிகள் இருக்கின்றன என்று கொள்வோம். இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், ஒவ்வொரு நோடும் மற்றது செயலிழந்துவிட்டதாகக் கருதி, எழுதும் கோரிக்கைகளைத் தொடர்ந்து ஏற்கும். ஒரே கணக்கின் இருப்பு இரு பக்கமும் வெவ்வேறாக மாறியபின் இணைப்பு மீண்டால், ம்னீசியா 'இன்கன்சிஸ்டென்ட் டேட்டாபேஸ்' (முரண்பட்ட தரவுத்தளம்) என்ற நிகழ்வை அறிவிக்குமே தவிர, முரண்பாட்டைத் தானாகத் தீர்க்காது. ஒரு பக்கத்தை முதன்மையாக அறிவித்து மற்றதை மறுதொடக்கம் செய்வதே வழக்கமான மீட்பு முறை. அப்போது, கைவிடப்பட்ட பக்கத்தில் இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை போய்விடும். வாடிக்கையாளருக்கு 'வெற்றி' என்று பதில் அனுப்பிய பதிவுகளும் அவற்றில் அடங்கும் என்பதுதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

அட்டவணைக்கு 'மெஜாரிட்டி' விருப்பத்தை இயக்கினால், பிரதிகளில் பாதிக்கு மேல் எட்டாதபோது எழுதுவது மறுக்கப்படும். ஆனால் இரண்டே பிரதிகள் இருக்கையில் ஒன்று விழுந்தாலும் எழுதுவது நின்றுவிடும் என்பதால், குறைந்தது மூன்று வேண்டும். வட்டில் மட்டும் வைக்கும் அட்டவணைகள் டெட்ஸ் எனும் எர்லாங்கின் வட்டுச் சேமிப்பு வடிவக் கோப்புகளாக இருப்பதால், ஒரு கோப்புக்கு 2 ஜிபி என்ற வரம்பும் உண்டு.

மாற்று வழிகள் உள்ளன. எர்லாங்கிலேயே எழுதப்பட்ட ரியாக் என்ற தரவுத்தளம், முரண்படும் பதிப்புகளை இழக்காமல் வைத்திருந்து, அவற்றை இணைக்கும் பொறுப்பை நிரலிடம் ஒப்படைக்கும்படி அமைக்கக்கூடியது. ஆனால் அதை உருவாக்கிய பாஷோ நிறுவனம் 2017-இல் மூடப்பட்டதால், பராமரிப்பு நிலையை விசாரிக்காமல் ஏற்க வேண்டாம். சிறிய அளவிலான உள்ளமைவுத் தரவுக்கு, பெரும்பான்மை நோடுகள் ஒப்புக்கொண்ட பின்பே மாற்றத்தை ஏற்கும் ராஃப்ட் நெறிமுறையில் இயங்கும் கெப்ரி என்ற தரவுத்தளம் பொருத்தமானது. செய்தி வரிசை மென்பொருளான ரேபிட்எம்க்யூ தன் மேல்தரவை (மெட்டாடேட்டா) ம்னீசியாவிலிருந்து அதற்கு நகர்த்தியிருப்பது கவனிக்கத்தக்கது. பணம் தொடர்பான பதிவுகளுக்கு, வேறு மொழியில் எழுதப்பட்டது என்ற தயக்கமின்றி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையே பரிந்துரைப்பேன். ம்னீசியாவை, இழந்தாலும் மீண்டும் உருவாக்கக்கூடிய அமர்வுத் தகவல்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும், சோதனைச் சூழலில் நோடுகளுக்கிடையிலான இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, இரு பக்கமும் எழுதி, மீண்டும் இணைத்தபின் எந்தப் பதிவுகள் எஞ்சின என்பதை எண்ணிப் பாருங்கள்.