பெங்களூர் வெயிலும் கன்னத்து மங்கும்

சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ பெங்களூருக்குக் குடிவந்தவர்கள் "இங்கே வெயிலே தெரியல" என்பார்கள். உண்மைதான், தெரியாது. உடம்புக்கு உறைப்பது காற்றின் சூடும் சூரிய ஒளியிலுள்ள அகச்சிவப்புக் கதிரும். தோலைக் கறுக்கவைக்கிற புற ஊதாக் கதிர் படும்போது எந்த உணர்வும் இருக்காது. சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. இரண்டு ஊரிலும் சூரியன் ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். ஆனால் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறது. 1000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10% கூடும்.

ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் பெங்களூருக்கு நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது. ஏப்ரலில் குடை பிடிப்பவர்கள்கூட ஆகஸ்டில் பிடிப்பதில்லை. அப்போது வானம் மூட்டமாக இருக்கும், சாயங்காலம் ஸ்வெட்டர் தேவைப்படும். மெல்லிய மேகமாக இருந்தால் புற ஊதாவில் பெரும்பகுதி அதைத் தாண்டி இறங்கிவிடும். முகத்தில் மங்கு உள்ளவர்களுக்கு இந்த ஊரில் பாதுகாப்பான மாதம் என்று ஒன்று கிடையாது.

மங்கு என்பது கன்னமேடு, நெற்றி, மேலுதடு, மூக்குத்தண்டு ஆகிய இடங்களில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி படரும் பழுப்புத் திட்டு. மருத்துவத்தில் மெலாஸ்மா என்பார்கள். அரிக்காது, செதில் உதிராது, தடவிப் பார்த்தால் மேடு தட்டாது. ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கே அதிகம். கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் தொடங்குவது வழக்கம். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பும் கூடுதல்.

தோலுக்குள் நடப்பது என்ன?

மேல்தோலின் அடி வரிசையில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு மெலனின் என்ற நிறமியை அனுப்புகிறது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினேஸ் என்ற நொதி படிப்படியாக மாற்றுவதில்தான் மெலனின் உருவாகிறது. உருவானது சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, நிறமிச் செல்லின் நீண்ட கைகள் வழியாகப் பக்கத்துச் செல்களுக்குப் போகும். போன இடத்தில் அது செல்லின் உட்கருவுக்கு மேலே குடைபோலக் கவிந்து, உள்ளேயிருக்கும் டி.என்.ஏ.வைக் கதிரிலிருந்து காக்கும். ஆக மெலனின் நோயல்ல, பாதுகாப்பு. மங்குள்ள இடத்தில் நிறமிச் செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கும் செல்களே அளவுக்கு மீறி வேலை செய்கின்றன.

ஏன் அங்கே மட்டும்? பல வருஷ வெயிலில் அந்த இடத்துத் தோல் அடிவரை சேதப்பட்டிருக்கும். மேல்தோலையும் கீழ்த்தோலையும் பிரிக்கும் மெல்லிய சவ்வு நைந்திருக்கும், அதன் வழியே நிறமி கீழே இறங்கித் தங்கிவிடும். அடியில் நுண் ரத்தக்குழாய்கள் கூடியிருக்கும். சுற்றியுள்ள செல்கள் நிறமிச் செல்லைத் தூண்டும் பொருள்களை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இந்தத் தூண்டுதலைக் கூட்டுகின்றன. மேல்தோல் சுமார் 4 முதல் 6 வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; மேலே உள்ள நிறமி அதோடு உதிர்ந்துவிடும். கீழ்த்தோலுக்கு இறங்கியதை உதிர்க்க வழியில்லை. ஒரே க்ரீம் ஒருவருக்குக் கேட்டு, இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு இது முக்கியக் காரணம். பழுப்பாகத் தெரியும் திட்டு பெரும்பாலும் மேலே இருப்பது, சாம்பல் நீலம் கலந்து தெரிவது ஆழத்தில் இருப்பது.

இன்னொரு விஷயம் அண்மை ஆண்டுகளில்தான் தெளிவானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக அதன் ஊதா, நீலப் பகுதி, மாநிறத் தோலைக் கறுக்கவைக்கிறது. நிறமிச் செல்லிலுள்ள ஆப்சின்-3 என்ற ஏற்பி அந்த ஒளியை உணர்ந்து டைரோசினேஸை முடுக்குவதாக 2018-இல் கண்டறிந்தார்கள். வெள்ளைக்காரத் தோலில் இந்த விளைவு மிகக் குறைவு, நம் தோலில் அதிகம். சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியைத் தடுப்பதில்லை. "ரெண்டு வருஷமா சன்ஸ்கிரீன் போடறேன், போகவே இல்லை" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் ஓட்டை.

சன்ஸ்கிரீன்: எது, எவ்வளவு

குழாயின் மேல் மூன்று விஷயம் பாருங்கள். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையக் கூடாது. அது புற ஊதாவில் சூட்டுக்காயம் உண்டாக்கும் வகையான யு.வி.பி கதிருக்கான அளவு. 30 என்றால் சுமார் 97%, 50 என்றால் சுமார் 98% தடுக்கும், ஆகவே 100-க்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்தது பி.ஏ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் கூட்டல் குறி, குறைந்தது மூன்று. அது புற ஊதாவின் இன்னொரு வகையான யு.வி.ஏ கதிருக்கானது. தரைக்கு வரும் புற ஊதாவில் 95% இந்த யு.வி.ஏ தான், காலையிலும் மாலையிலும்கூட ஓரளவு இருக்கும், ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். மூன்றாவது, மங்கு உள்ளவர்களுக்கு மட்டும்: தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனாக, உட்பொருள்களில் இரும்பு ஆக்சைடு உள்ளதாக வாங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைப்பது அந்தச் செம்மண் நிறப் பொடிதான். நிறமில்லாத சன்ஸ்கிரீன் ஏற்கெனவே வாங்கிவிட்டால், மேலே இரும்பு ஆக்சைடு உள்ள பவுண்டேஷனோ காம்பேக்டோ போட்டாலும் பலன் உண்டு.

அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். எஸ்.பி.எஃப் எண்ணைச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுவார்கள். வீட்டில் நாம் பூசுவது அதில் பாதியோ கால்வாசியோதான் இருக்கும், கிடைக்கும் பாதுகாப்பும் அதற்கேற்பக் குறையும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்கினால் முகம், காது, கழுத்துக்குச் சரியாக இருக்கும். ஒரே மூச்சில் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு கோடு பூசி, இரண்டு நிமிஷம் விட்டு அடுத்ததைப் பூசுங்கள். தினம் இரண்டு முறை இப்படிப் போட்டால் 50 கிராம் குழாய் மூன்று வாரத்துக்கு மேல் வராது. மூன்று மாதம் வருகிறது என்றால் பூசும் அளவு போதவில்லை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், வியர்வையைத் துடைத்த பிறகும் போட வேண்டும்.

செலவு கட்டுப்படியாகாத வீட்டில் தொப்பியும் குடையும் பெரிய உதவி. தெருவோரம் பூ விற்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு குழாய் வாங்க முடியாது. நெருக்கமான நெசவுள்ள, அடர் நிறத் துணியில் தைத்த அகல விளிம்புத் தொப்பி அவர்களுக்கு மேல். ஸ்கூட்டரில் போகும் பெண்கள் முகத்தில் சுற்றும் மெல்லிய துப்பட்டாவை நம்ப வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற துணி கதிரையும் உள்ளே விடும். வெளிவட்டச் சாலை நெரிசலில் தினம் இரண்டு மணி நேரம் காரில் உட்காருபவர்கள் கவனிக்க: முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது, யு.வி.ஏ.வைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல. ஓட்டுநருக்கு வலது கன்னம் கூடுதலாகக் கறுப்பது இதனால்தான்.

மருந்துக்கடை க்ரீமின் கதை

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ மருந்துக்கடையில் "மங்குக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணா" என்று கேட்டால், மூன்று மருந்து கலந்த க்ரீம் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவது எளிது. இந்தக் கலவையின் மூல வடிவம் 1975-இல் கிளிக்மேன், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டது. ஹைட்ரோகுவினோன் டைரோசினேஸை முடக்கும். டிரெட்டினாயின் மேல்தோலை வேகமாகப் புதுப்பித்து நிறமியை உதிர்க்கும். மூன்றாவதாகச் சேரும் ஸ்டீராய்டு, மற்ற இரண்டும் தரும் எரிச்சலை அடக்கும். மருத்துவர் கண்காணிப்பில் 8 வாரம்வரை போட்டால் மங்குக்கு இதைப்போலக் கேட்கும் பூச்சு மருந்து இன்றும் குறைவு. நம் நாட்டில் கிடைக்கும் பல க்ரீம்களில் சேர்த்திருப்பது மொமெட்டசோன், முகத்துக்குக் கொஞ்சம் வீரியமான ஸ்டீராய்டு. கலவை நல்ல மருந்துதான், கெடுப்பது, அதை முகத்துக்குப் பூசும் சாதாரண க்ரீம்போல வருஷக்கணக்கில் போடுவது.

ஸ்டீராய்டு முதல் சில வாரத்தில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும். முகம் வெளுத்து, வழவழவென்று ஆகும். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் அடுத்த குழாய் வாங்குகிறார்கள், அக்கா தங்கைக்கும் சொல்கிறார்கள். உள்ளே கொலாஜன் உற்பத்தி குறைந்து தோல் மெலிகிறது. சில மாதத்தில் கன்னத்தில் சிவப்பு நரம்புக் கோடுகள், சீழ்ப் பருக்கள், பூனைமுடி. வெயிலில் நின்றால் எரிச்சல். நிறுத்தினால் சுருங்கியிருந்த ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து முகம் சிவந்து கொதிக்கும், பயந்துபோய் மறுபடியும் பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 2008-இல் தனிப் பெயரே வைத்தார்கள்: ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் கைமாறுவது இன்னும் நிற்கவில்லை என்பது வேதனை.

கையிலிருக்கும் குழாயின் உட்பொருளைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூவோசினலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று தூக்கி எறிய வேண்டாம், தோல் மருத்துவரிடம் போங்கள். வீரியம் குறைந்ததாக மாற்றி, நாள் இடைவெளி விட்டு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு கொடுத்து அவர் இறக்கிவிடுவார். பவுரிங் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. உட்பொருள் எதுவும் அச்சிடாத டப்பா க்ரீமை மட்டும் உடனே நிறுத்துங்கள், அதில் பாதரசம் இருக்கலாம். பாதரசமும் டைரோசினேஸை முடக்கும், ஆனால் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எலுமிச்சையைத் தேய்ப்பதும் வேண்டாம். அதன் சாறு கடும் அமிலம். எலுமிச்சைத் தோலிலுள்ள ஃபியூரோகுமரின் என்ற பொருள் வெயில் பட்டதும் வினைபுரிந்து கொப்புளமும் கறுப்புத் தடமும் உண்டாக்கும். பீர்க்கங்காய் நார், நைலான் நாரால் தேய்ப்பதும் கறுப்பைக் கூட்டத்தான் செய்யும், ஏனென்றால் உராய்வும் நிறமிச் செல்லுக்கு ஒரு தூண்டுதலே. காவிரித் தண்ணீர் வராத, போர்வெல், டேங்கரை நம்பியிருக்கும் புறநகர்களில் தண்ணீரின் கடினம் அதிகம். கால்சியத்தோடு சேர்ந்த சோப்பு தோலில் படிந்து வறட்சியும் எரிச்சலும் தரும். அங்கே சோப்புக்குப் பதில் சிண்டெட் என்ற சோப்பில்லா வகைக் கட்டியோ கிளென்சரோ நல்லது, தினம் இரண்டு முறை போதும்.

வீட்டிலிருந்தே பாதுகாப்பாகத் தொடங்கக்கூடியவை சில உண்டு. நியாசினமைடு 4 அல்லது 5% நிறமிப் பொதிகள் செல்லுக்குச் செல் போவதைக் குறைக்கும். அசெலாயிக் அமிலம் 15 முதல் 20% வரை காலை, இரவு இரு வேளையும் போடலாம். முதல் இரண்டு வாரம் நமைச்சல் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். எதுவானாலும் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், நிறமி உதிரும் வேகம் அவ்வளவுதான். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரம், முகம் கழுவியபின் படம் எடுத்து ஒப்பிடுங்கள், கண்ணாடியை நம்பினால் குழப்பம்தான். மருத்துவர் ஹைட்ரோகுவினோன் கொடுத்தால் அவர் சொன்ன மாதங்களோடு நிறுத்த வேண்டும். நீண்ட நாள் போட்டால் நீலக்கறுப்புப் படிவு உண்டாகும், அதைப் போக்குவது மங்கைவிடக் கடினம். டிராநெக்சமிக் அமில மாத்திரை, வழக்கமாக 250 மில்லிகிராம் இரு வேளை, பிடிவாதமான மங்குக்கு நன்றாகக் கேட்கிறது. ரத்தம் உறையும் நோய், பக்கவாதம் வந்தவர்களும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களும் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. லேசரை முதல் வழியாக யாராவது விற்றால் தயங்குங்கள். மாநிறத் தோலில் அந்தச் சூடே மறுபடி கறுக்கவைப்பது உண்டு.

கன்னத்துக் கறுப்பெல்லாம் மங்கு அல்ல. நெற்றியோரமும் பொட்டுப்பக்கமும் கழுத்துமடிப்பும் வெல்வெட்போலத் தடித்துக் கறுத்தால் ரத்தத்தில் இன்சுலின் கூடியிருக்கலாம். சர்க்கரை பார்க்க வேண்டும். முடிச்சாயமோ புதுக் குங்குமமோ வாசனைத் தைலமோ தொடங்கிய பிறகு சாம்பல் நிறம் படர்ந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை, அந்தப் பொருளை நிறுத்தாமல் எந்த க்ரீமும் பலிக்காது.

கர்ப்பிணிகளுக்கு டிரெட்டினாயினும் ஹைட்ரோகுவினோனும் கூடாது. நிறமுள்ள சன்ஸ்கிரீனும், மருத்துவர் சொன்னால் அசெலாயிக் அமிலமும் போதும். பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில மாதத்தில் தானாகவே மங்கும். மங்காவிட்டால் அப்போது சிகிச்சையைத் தொடங்கலாம், அவசரம் ஒன்றுமில்லை.