லூப்: வளையமா, கண்ணியா, மடக்கா?

ஃப்ளை ஃபிஷிங் என்னும் பூச்சித் தூண்டில் வீசப் பழகுகிறவர்கள் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் லூப். "லூப் விரிஞ்சு போச்சு", "லூப் சிக்கிக்கிச்சு" என்றுதான் பேச்சே நடக்கும். இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால், யோசிக்காமல் வளையம் என்று சொல்லிவிடுகிறோம். அது பொருந்தாத சொல் என்பது என் கருத்து. பொருந்தாதது மட்டுமில்லை, வீசுகிறவர் கையையும் அது கெடுக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். நம் கண்மாய்க்கரையில் ஈயக்குண்டு கட்டி எறிந்தால், குண்டு நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பூச்சித் தூண்டிலில் இது தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. எடை கயிற்றில் இருக்கிறது. பலரும் பழகும் 5ஆம் எண் கயிற்றில் முதல் 30 அடியின் எடை சுமார் 9 கிராம். கம்பை முன்னால் வீசிச் சட்டென்று நிறுத்தியதும், கயிற்றின் கீழ்ப்பாதி கம்பு நுனியோடு நின்றுவிடுகிறது. மேல்பாதி நிற்காமல் ஓடுகிறது. இரண்டும் சேரும் இடத்தில், படுக்கவைத்த கொண்டை ஊசி போல ஒரு வளைவு பிறக்கிறது. அது உருண்டு உருண்டு முன்னே போய், கடைசியில் நிமிர்ந்து, பூச்சியைத் தண்ணீர்மேல் வைக்கிறது. அந்த ஓடும் வளைவுதான் லூப்.

ஆங்கிலத்தில் இது நூலாலோ கயிற்றாலோ ஆன வளைவைக் குறித்த பழைய சொல். ஐரிஷ் மொழியில் லூப் என்றால் வளைவு. அதோடு இதைத் தொடர்புபடுத்துகிறவர்கள் உண்டு. வீச்சைக் குறிக்கும் காஸ்ட், பழைய ஸ்காண்டிநேவிய மொழியின் 'எறி' என்ற வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்குத் தமிழில் வீச்சு என்ற சொல் கையிலேயே இருக்கிறது, வீச்சுவலை என்கிறோமே. சிக்கல் லூப்புக்குத்தான்.

எங்கள் தெருமுக்கில் மல்லிகை கட்டும் அக்காவின் கையைப் பார்த்துத்தான் எனக்கு இது தெளிந்தது. இடது கை விரல்களில் பூவை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று அடுக்கி, வாழைநாரை மேலே ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் நாரைத் திருப்பி, காம்புக்கு மேல் மாட்டி இழுப்பார். அந்தத் திருப்பம் மூடி இறுகும். அது சுருக்கு. அப்படிக் கட்டிய ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. பறவைக்கு வைப்பதும் கண்ணிதான், சங்கிலியில் கோத்திருப்பதும் கண்ணிதான். வளையம், சுருக்கு, கண்ணி மூன்றும் மூடியவை. தூண்டில் கயிற்றின் வளைவோ மூடுவதே இல்லை. ஒரு பக்கம் திறந்தே இருக்கும், இடம் மாறிக்கொண்டே போகும், கடைசியில் தானே அவிழும்.

இதற்கு மடக்கு என்ற சொல்லே சரி. மடக்குக்கத்தி, மடக்குக்கட்டில் என்று அன்றாடம் புழங்குவதுதான். போன வழியே திரும்பி மேலே படிவது மடக்கு. செய்யுளில் வந்த எழுத்துக்கூட்டமே திரும்ப வந்து வேறு பொருள் தந்தால் அதையும் மடக்கு என்றுதான் அணியிலக்கணம் சொல்கிறது. பார்த்த வடிவத்தையே பெயராக்குவது நமக்குப் புதிதும் இல்லை. அகநானூற்றின் 36ஆம் பாட்டில், ஆம்பல் இலை கிழியப் பாயும் வராலையும், இழுத்தும் அது வராமல் நிற்கும் தூண்டில் வேட்டுவனையும் காட்டுகிறார் மதுரை நக்கீரர். அங்கே தூண்டில் முள்ளுக்குப் பெயர் கொடுவாய் இரும்பு, அதாவது வளைந்த வாயுடைய இரும்பு. பார்த்ததும் வைத்த பெயர்!

சரி, பெயர் மாறினால் கை மாறுமா? மாறும். வளையம் என்று மனதில் வைத்திருந்தவரை நானும் கம்பு நுனியை வட்டமாகச் சுற்றினேன். நுனி வில்லைப் போல மேலே ஏறி இறங்கினால் மடக்கு அகலமாகத்தான் வரும். எதிர்காற்றில் அப்படியே சரிந்து விழும். மடக்கு என்று நினைத்தால் ஒரு காகிதத்தை மடிப்பது நினைவுக்கு வரும்: நேராகப் போய், நின்று, திரும்புவது. நுனி நேர்கோட்டில் போனால் மடக்கு குறுகும். கை வட்டமாகத்தான் நகரும், ஆனால் கயிற்றின் பாரத்தில் கம்பு வளைந்துகொடுப்பதால் நுனி நேராக ஓடமுடிகிறது. அதற்கு வேகம் மெல்லத் தொடங்கிச் சீராகக் கூடி, கடைசியில் சட்டென்று நிற்கவேண்டும். அந்த நிறுத்தம்தான் உயிர். பூக்கார அக்கா செம்புத் தண்ணீரில் விரல்களை நனைத்துப் பூக்கூடை மேல் உதறுவார். கை நின்ற பிறகுதான் துளிகள் விரலை விட்டுப் பறக்கின்றன. கையை நிறுத்தாமல் ஆட்டினால் தண்ணீர் மணிக்கட்டு வழியே வழியும், அவ்வளவுதான்.

மடக்கின் மேல்கயிறும் கீழ்க்கயிறும் இரண்டு கால்கள். மேல்கால் கீழே விழுந்து மற்றதைக் குறுக்கே வெட்டினால், கயிற்றின் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பில் முடிச்சு விழும். இதை ஆங்கிலத்தில் டெய்லிங் லூப் என்று வாலை வைத்துச் சொல்கிறார்கள். மதுரைக்காரனுக்கு அப்படிச் சுற்றிப் போகவேண்டியதில்லை. வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவன் ஊர் இது. கால்மாறு மடக்கு என்றால் கேட்டதுமே விளங்கும். பாதி வழியில் வேகத்தைத் திடீரென்று கொட்டுவதும், நீளக் கயிறைப் பிடித்துக்கொண்டு கம்பைக் குறைந்த கோணத்தில் ஆட்டுவதும் இதற்குக் காரணங்கள். நுனி ஒரு கணம் குழியில் இறங்கி ஏறுகிறது. கயிறு நீண்டால் வீச்சின் கோணமும் அகலவேண்டும்.

இதற்கெல்லாம் வைகையில் தண்ணீர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோடையில் வற்றிக்கிடக்கும் கண்மாயின் புல்தரை போதும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டுங்கள். கம்பைத் தலைக்கு மேல் தூக்காமல் இடுப்பளவில் பக்கவாட்டில் வீசினால், மடக்கு கண்ணுக்கு நேரே ஓடும். எங்கே விரிகிறது, எங்கே கால் மாறுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் கழுத்தைத் திருப்பிப் பின்னாலும் பாருங்கள். பின்மடக்கு முழுதும் அவிழ்ந்து கயிறு நிமிரும்வரை பொறுத்து, அது கீழே சாய்வதற்குள் முன்னால் இழுக்கவேண்டும். முந்திக்கொண்டால் 'டப்' என்று சாட்டைச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் நின்று நுனியைப் பாருங்கள், கம்பளி நூல் இருக்கிறதா என்று.